கடவுச்சொல் கேட்காத வீடு

அத்தியாயம் 17

குட்டி வீட்டை விட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. போன வாரம் அவள் ஒற்றைப் பெட்டியோடு படியிறங்கியபோது அண்ணி வாசல்வரைகூட வரவில்லை. கழுவி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். உங்களில் பாதிப் பேர் அதற்காக அவளைத் திட்டியிருப்பீர்கள். மீதிப் பேர், "இருக்கட்டும், நாத்தனார் செஞ்சது மட்டும் சரியா" என்று கேட்டிருப்பீர்கள். இந்த வாரம் அந்த மீதிப் பேர் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி. அந்த அண்ணியை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும், கட்டிய கணவன் உட்பட. கணக்கு டீச்சர். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூட மணியடித்த பிறகு உள்ளே போனதில்லை. அடுத்த மாதம் துணைத் தலைமை ஆசிரியை நாற்காலி அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து, வீட்டில் உட்கார்ந்து அவள் தயாரித்த அரையாண்டுக் கணக்கு வினாத்தாள், தேர்வுக்கு முந்தின நாளே பிள்ளைகளின் போனில் போனாக ஓடியது. பள்ளியில் கொடுப்பதற்கு முன் அவள் திருத்திவிட்ட ஆறாவது கேள்விப் பிழை அதில் அப்படியே இருந்தது. அப்படியென்றால் அது பள்ளிக்கூடத்திலிருந்து போகவில்லை. அவள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்துதான் போயிருக்கிறது.

குட்டி அவளுடைய கணவனின் தங்கை. வயது முப்பத்தொன்று. அண்ணன் தொட்டிலில் வைத்த பேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்டிங், பைண்டிங் எல்லாம் செய்கிற கடையில் ஏழு வருஷமாக வேலை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா டீச்சர்?" என்று விசாரணைக் குழு கேட்டது.

"நான் வினாத்தாளை முடிச்ச அன்னிக்குச் சாயங்காலம் என் நாத்தனார் என் கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தா. அவ ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கறா" என்றாள் டீச்சர்.

ரெண்டு வாக்கியமும் சத்தியம். அடுத்தடுத்து வைத்ததுதான் அநியாயம். கடை முதலாளி, விசாரணை முடிகிறவரை நீ வர வேண்டாம் என்றுவிட்டார். அண்ணன்காரன் தங்கையை உட்கார வைத்து, "நீ செஞ்சியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். மறுநாள் அவள் பெட்டி கட்டினாள்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குக் குழு கடைசியாக உட்காருகிறது.

காலை பத்து மணிக்கு நெட்காரம்மா வந்து கதவைத் தட்டினாள்.

நெட் நின்று நின்று வருகிறது என்று மூன்று நாளுக்கு முன் கொடுத்த புகார். ஆள் வருவார் என்று டீச்சர் எதிர்பார்த்தாள், அம்மாள் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, இடுப்பில் திருப்புளி, வாயில் ஓயாத பேச்சு.

"நெட் பெட்டி எங்க இருக்கு? பீரோ மேலயா? எல்லார் வீட்லயும் பீரோ மேலதான் வெக்கறாங்க, பிள்ளையக் கொண்டுபோய் பரண்ல படுக்க வெச்ச மாதிரி. வீட்ல எத்தனை பேரு டீச்சர்?"

"மூணு... ரெண்டு பேரு."

"எத்தனை சாமான் நெட்ல ஓடுது?"

டீச்சர் விரல் விட்டாள். "ரெண்டு போன், கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவி. ஸ்கூல்ல குடுத்த டேப்லெட் ஒண்ணு. ஆறு."

நெட்காரம்மா தன் போனில் எதையோ தட்டினாள். புருவம் மேலே போனது.

"பதினஞ்சு காட்டுது. உங்க ஆறு போக ஒம்பது பேர் உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்காங்க. இதப் பாருங்க, 'தொட்டால் ஷாக்' அப்படின்னு ஒரு போன். 'மாடி மாப்பிள்ளை'ன்னு ஒண்ணு. யாரு வீட்டு ஃப்ரிட்ஜோ ஒண்ணுகூட இருக்கு. பந்தி நடத்தறீங்க போல."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பூட்டே இல்லையே இதுல. பாஸ்வேர்டை எப்போ கழட்டினீங்க?"

"நான் எங்க கழட்டினேன்? தானா கழண்டிருக்கும்."

"தானா கழலாது. பெட்டிக்குப் பின்னாடி ஊசி நுழையற மாதிரி ஓட்டை இருக்கு பாருங்க. அதுல பத்து நொடி குத்திப் பிடிச்சா எல்லாம் அழிஞ்சு, கடையில வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரி ஆயிடும். இது பழைய மாடல். புதுசுன்னா அடியில ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கற பாஸ்வேர்டையாவது கேக்கும். இது ஒண்ணுமே கேக்காது. யாரு வந்தாலும் வாங்க வாங்கன்னு சொல்லும்."

டீச்சரின் கை தானாகத் தலைக்குப் போனது.

ஓட்டை அவளுக்குத் தெரியும். குத்தியது எதனால் என்றும் தெரியும். தலையில் செருகியிருந்த கறுப்பு ஹேர்பின்.

அன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் தங்கையும் வெளியே போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த டேப்லெட், பாஸ்வேர்டு கொடு என்று நின்றது. பாஸ்வேர்டு குட்டி வைத்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், நட்சத்திரம் எல்லாம் கலந்து இருபத்திரண்டு எழுத்து. அவள் அதை வைத்த அன்றைக்கு, "அண்ணி, தாள்ல எழுதி வெக்காதீங்க, மனசுல வெச்சுக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கணக்கு டீச்சருக்கு மனசில் நிற்கவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

என் வீட்டில், என் நெட்டுக்கு, நான் இவளிடம் போய்க் கையேந்த வேண்டுமா? அவ்வளவுதான் அன்றைக்கு அவள் மனதில் ஓடியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாவிக்கொத்து, அலமாரி, கேஸ் புக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் தன் கைக்கு வந்துவிட்டது. இது ஒன்றுதான் நாத்தனார் கையில் இருந்தது. ஹேர்பின்னை எடுத்தாள். பத்து நொடி. விளக்கெல்லாம் அணைந்து எரிந்தது. டேப்லெட் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போனது. ஜெயித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள், பாவி.

"டீச்சர், உக்காருங்க. முகமெல்லாம் வேர்க்குது" என்றாள் நெட்காரம்மா.

"ஒண்ணு கேக்கறேன். பூட்டு இல்லைன்னா வெளில இருக்கறவங்க நெட்டைத்தானே எடுப்பாங்க? கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறதை எடுக்க முடியாது இல்ல?"

"சும்மா எடுக்க முடியாது. வீட்டுக்குள்ள வந்தவன் பீரோவைத் தொறக்கணும்னா பீரோவும் தொறந்திருக்கணும். நீங்க ஏதாவது ஃபோல்டரை ஷேர் போட்டு வெச்சிருக்கீங்களா?"

போட்டிருந்தாள். ஹால் கம்ப்யூட்டரில் செய்கிற வேலையைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு டேப்லெட்டில் பார்ப்பதற்காக. யாருக்கெல்லாம் என்று அது கேட்டது. ஒவ்வொரு தடவையும் பேரும் ரகசிய எண்ணும் அடிக்கச் சோம்பல். 'எல்லாரும்' என்பதைத் தொட்டாள். எல்லாரும் என்றால் வீட்டில் எல்லாரும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பூட்டறதுக்கு முன்னாடி பாத்துடுவோம்" என்று நெட்காரம்மா தன் போனைத் தட்டினாள். இந்த வீட்டுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்த ஒருத்தியின் போன். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் அதில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் வந்தது. உள்ளே 'அரையாண்டு'. அதற்குள்ளே 'கணக்கு இறுதி', 'கணக்கு இறுதி திருத்தியது'.

"தொறக்கவா?"

"வேண்டாம்" என்றாள் டீச்சர்.

பூட்டைக் கழற்றியது ஞாயிற்றுக்கிழமை. வினாத்தாள் முடித்தது அதற்கடுத்த வியாழக்கிழமை. போன்களில் வந்தது திங்கட்கிழமை. கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

"அந்த வாரம் யாரு உள்ள வந்தாங்கன்னு இதுல பாக்க முடியுமா?"

"முடியாது டீச்சர். இந்தப் பெட்டிக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது. இப்போ இருக்கறவங்களைத்தான் காட்டும்."

அப்புறம் நெட்காரம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பூட்டுப் போட ஆரம்பித்தாள். டீச்சர் பக்கத்தில் நின்று, கடைசி பெஞ்சுப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள். திரையில் ஒரு பட்டியல் வந்தது.

"முதல்ல இருக்கறது, பூட்டே வேண்டாம்கறது. அதுலதான் இத்தனை நாள் இருந்தீங்க. அடுத்தது டபிள்யூஇபி. பேருக்குத்தான் பூட்டு. அஞ்சு நிமிஷத்துல தொறந்துடலாம், அதைப் போடறதும் ஒண்ணு போடாததும் ஒண்ணு. அதுக்கடுத்தது வெறும் டபிள்யூபிஏ, அதுவும் பழசாயிடுச்சு. டபிள்யூபிஏ டூ, அதுல ஏஇஎஸ்னு போட்டிருக்கறதை எடுத்துக்கோங்க. த்ரீ அதைவிட நல்லது, ஆனா உங்க பெட்டியில வராது. புதுசு வாங்கறப்போ த்ரீ இருக்கான்னு கேட்டு வாங்குங்க."

"நெட்டோட பேரை மறைச்சு வெச்சா யாருக்கும் தெரியாதுன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் சொன்னாரே."

"கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டுன்னு பூனை நெனச்ச கதை அது. தேடறவன் கண்டுபிடிச்சுடுவான். பூட்டுதான் முக்கியம். அப்புறம் இந்தப் பெட்டிக்கே ஒரு பாஸ்வேர்டு இருக்கு. அட்மின், அட்மின்னு கம்பெனியில வெச்சு அனுப்புவாங்க. உலகத்துக்கே தெரியும். அதை மாத்தணும். இதோ இந்தப் பட்டனை அமுக்கினா சாமான் தானா சேந்துக்கும், அதையும் அணைச்சுடறேன். வீட்டுக்கு யாராவது வந்து நெட் கேட்டா, விருந்தாளிக்குன்னு தனி நெட் ஒண்ணு வெச்சிருக்கேன், அதைக் குடுங்க. அதுல வந்தா உங்க கம்ப்யூட்டர் பக்கமே போக முடியாது."

"முன்னாடியும் அப்படித்தான் இருந்துது" என்றாள் டீச்சர் மெல்ல. விருந்தாளி என்று ஒரு நெட் இருந்தது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. குட்டி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தாள்.

"யாரோ வேலை தெரிஞ்சவங்கதான் முதல்ல போட்டிருக்காங்க" என்று நெட்காரம்மா எழுந்தாள். "இப்போ பாஸ்வேர்டு நீங்களே அடிங்க. நீளமா இருக்கட்டும். சம்பந்தமில்லாத நாலு வார்த்தையச் சேத்துப் போடுங்க, மனசுல நிக்கும். என்கிட்ட சொல்லாதீங்க."

நாலு வார்த்தை தேட அவளுக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. எந்த வார்த்தையை எடுத்தாலும் குட்டியின் முகம்தான் வந்தது.

பதினொன்றரைக்கு அவள் கணவன் வேலை செய்கிற லேபுக்குப் போனாள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்க்குப் பல் செட் செய்கிறவர். நீள மேஜை, பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள், தட்டுத்தட்டாக நிறம் பிரித்த பற்கள், மெழுகு உருகுகிற வாசனை. சிரிக்காத ஊரில் சிரிப்பு விற்கிறேன் என்று அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார்.

கீழ்த்தாடை செட் ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்ன டீச்சரம்மா, இந்நேரத்துல? பல்லு ஆடுதா?"

"என்னங்க, கொஞ்சம் வெளில வாங்க."

"இங்கயே சொல்லு. இதுங்க எதுக்கும் காது கிடையாது."

சொன்னாள். ஹேர்பின், 'எல்லாரும்', நெட்காரம்மா போனில் வந்த மஞ்சள் ஃபோல்டர், ஒன்றையும் விடவில்லை. சொல்லிக்கொண்டே வரும்போது, திட்டுவார், கத்துவார், கத்தட்டும் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. கையில் இருந்த அரம் மட்டும் நின்றது. பிறகு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

"யாரு உள்ள வந்தாங்கன்னு அந்தம்மா சொன்னாங்களா?"

"அது தெரியாதாம்."

"சரி."

"என்ன சரி? நான் பண்ணின தப்புக்குக் குட்டி பழி சுமக்கறா. நாலு மணிக்கு நான் குழுவுல போய்ச் சொல்லப்போறேன்."

அவர் பல் செட்டைக் கீழே வைத்தார். "சொல்லித்தான் ஆகணுமா?"

"என்னங்க இது, உங்க தங்கச்சிங்க."

"தங்கச்சிதான். அவளுக்கு வேற கடையில வேலை வாங்கிடலாம், நான் ரெண்டு பேர்கிட்ட பேசிட்டுத்தான் இருக்கேன். நீ போய் இப்போ வாயத் தொறந்தா பத்தொன்பது வருஷம் போயிடும். நாற்காலி போயிடும். அப்புறம் அது யாரு, எப்படி வந்தான், யாரு விட்டான்னு தோண்டுவாங்க. தோண்டத் தோண்ட என்னென்னமோ வரும். ஆறின சோத்தைக் கிளறாத, விடு."

தனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தாள் டீச்சர். இந்த மனுஷனையும் அல்லவா தங்கையிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தோம்.

"என்னால விட முடியாதுங்க. அவ சாப்பிட்ட தட்டு இன்னும் அந்த அடுக்குலதான் இருக்கு. எடுக்கறப்போல்லாம் கை கூசுது."

அவள் வாசலைத் தாண்டும்போது, "டீச்சர்" என்று கூப்பிட்டார். திரும்பினாள். "ஒண்ணுமில்ல. பாத்துப் போ" என்றார்.

குட்டிக்கு ஆறு தடவை போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. லேடீஸ் ஹாஸ்டலுக்கே போய்ப் பார்த்தாள். காலையில் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள், எங்கே என்று சொல்லவில்லை என்றாள் வார்டன். தப்புச் செய்தவள் முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் சொல்ல முடியாமல், பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு 'ஆனா' நுழைந்தது. தெரியாமதான் செஞ்சேன், ஆனா. பூட்டு இல்லைதான், ஆனா. பிள்ளைகள் இப்படி ஆனா போட்டால் அவள் மார்க்கைக் குறைப்பாள்.

ஹெட்மாஸ்டர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஹெட்மாஸ்டர், நிர்வாகத்தின் சார்பில் ஒரு வக்கீல், அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிற பௌதிக வாத்தியார். டீச்சர் உள்ளே நுழைந்ததும் மூவர் முகத்திலும் ஒரு சிரிப்பு. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார் ஹெட்மாஸ்டர். "உங்களுக்கு இனிமே தலைவலி இல்ல. விஷயம் காலையிலேயே முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"உங்க நாத்தனார் ஒம்பது மணிக்கே வந்து எழுதிக் குடுத்துட்டாங்க." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

குட்டியின் குண்டுக் குண்டான கையெழுத்து. வினாத்தாள் தன் கவனக்குறைவால் வெளியே போனது என்றும், அண்ணிக்கும் அண்ணனுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும், இதற்குத் தானே பொறுப்பு என்றும் நாலு வரி. கீழே கையெழுத்து, தேதி.

"கடை முதலாளிக்கும் ஒரு காப்பி அனுப்பணும். அதோட ஃபைலை மூடிடலாம்" என்றார் வக்கீல். "உங்க பேருக்கு ஒரு கீறல் இல்ல. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

பேனாவையும் அவரே மூடி கழற்றி நீட்டினார்.

பொய் சொல்ல மாட்டேன் என்று நீங்களும் நானும் சுலபமாகச் சொல்லிவிடுவோம். டீச்சர் அந்த அறையில் பேனாவை வாங்கினாள். வாங்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். வாங்கினாள். பத்தொன்பது வருஷம், நாற்காலி, அடுத்த மாதம் கதவில் எழுதப்போகிற பேர், எல்லாம் அந்த முனையில் நின்றது. குட்டியே எழுதிக் கொடுத்துவிட்டாளே, நான் கேட்டேனா, அவளாகத்தானே என்று மனசு வக்காலத்து வாங்கியது. வேறு கடையில் வேலை வாங்கிவிடலாம் என்று கணவர் சொன்னதும் காதில் ஒலித்தது.

கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்கு மேலே குட்டியின் 'அண்ணி' என்ற வார்த்தை இருந்தது. எழுதும்போது பேனா அங்கே நின்றிருக்க வேண்டும், அந்த ஒரு இடத்தில் மட்டும் மை திட்டாக இருந்தது. ஒன்பது நாளாக ஒரு போன்கூட எடுக்காதவள், இதற்காக எட்டு மணிக்கே கிளம்பி வந்திருக்கிறாள்.

டீச்சர் பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"இந்தக் கடுதாசியில இருக்கறது பொய் சார்."

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"எங்க வீட்டு நெட்டுக்குப் பூட்டு போட்டது என் நாத்தனார். அதைக் கழட்டினது நான். அவகிட்ட பாஸ்வேர்டு கேக்க எனக்குக் கௌரவம் இடம் குடுக்கல. வினாத்தாள் இருந்த ஃபோல்டரை எல்லாருக்கும்னு தொறந்து வெச்சதும் நான். ரோட்ல போறவன்கூட எடுத்திருக்கலாம். அவ எடுக்கல. இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது."

அந்த வாக்கியத்தில் ஒரு ஆனாகூட இல்லை. பௌதிக வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யோசிச்சுத்தான் பேசறீங்களா?" என்றார் ஹெட்மாஸ்டர். அவருக்கு அவள்மேல் நிஜமாகவே மரியாதை உண்டு. "இது ரெக்கார்டுல போகும். வினாத்தாள் தயாரிக்கிற பொறுப்புலேர்ந்து உங்களை எடுத்தாகணும். அந்தப் போஸ்ட் கேக்கவே வேண்டாம். நிர்வாகம் சஸ்பென்ஷன்னு வந்தாக்கூட என்னால தடுக்க முடியாது."

"சரிங்க சார்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"தாள் குடுங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தக் கடை முதலாளிக்கு என் எதிர்லயே போன் போட்டுச் சொல்லுங்க. எனக்கு என்ன வேணா ஆகட்டும், அவ திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்."

ஹெட்மாஸ்டர் போன் போட்டார். அவர் பேசி முடிக்கிறவரை டீச்சர் உட்காரவில்லை. அப்புறம் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினாள். கரும்பலகையில் எழுதுகிற அதே நேரான கையெழுத்து. கடைசி வரியில் கண்ணீர் விழுந்து ஒரு எழுத்து கரைந்தது. அதை அடித்துவிட்டு மேலே திரும்ப எழுதினாள்.

வெளியே வந்தால், ஆபீஸ் பக்கத்துப் பெஞ்சில் குட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன பதற்றத்தில் டீச்சர் அவளைக் கவனிக்கவில்லை. குழு முடிகிறவரை இருக்கச் சொல்லியிருந்தார்கள். மடியில் பை. மெலிந்திருந்தாள். கதவு மெல்லிய பலகைக் கதவு. உள்ளே பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

டீச்சர் எதிரே போய் நின்றாள்.

"குட்டி, நான் உனக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன். மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல. கேக்கறேன்."

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "பூட்டு கழண்டது அன்னிக்கே எனக்குத் தெரியும் அண்ணி. என் போன் ஒண்ணும் கேக்காம உள்ள போச்சு."

"தெரியுமா? அப்போ ஏன் நீ சொல்லல? திருப்பிப் பூட்டியிருக்கலாமே."

"நீங்க வேணும்னு கழட்டினதை நான் பூட்டினா, அப்புறம் அந்த வீட்ல நாம பேசிக்க முடியுமா?"

முடியாது என்பது டீச்சருக்கே தெரியும். பெஞ்சில் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்காகவா அந்தக் கடுதாசிய எழுதினே? நான் அத்தனை பண்ணியும், என் நாற்காலிக்காக உன் பேரைக் கெடுத்துக்கிட்டியா?"

குட்டி நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"உங்களுக்காக இல்ல அண்ணி."

"பின்ன?"

"பூட்டு இல்லைன்னு நான் அண்ணன்கிட்ட அன்னிக்கே சொன்னேன். அண்ணிகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்கன்னேன். சொல்றேன்னாரு. அந்த வாரம் வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு டியூஷன் மாஸ்டர், எங்க நெட் போச்சுன்னு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாரு. அண்ணன் வாசல்லயே நின்னு, 'அதுக்கென்ன சார், எங்க நெட்டைப் போட்டுக்கோங்க, பூட்டெல்லாம் கிடையாது'ன்னு சொன்னதை மாடிப்படியில நின்னு நான் கேட்டேன். மூணு நாள் கழிச்சு வினாத்தாள் முதல்ல யார் பிள்ளைங்க போன்ல வந்துச்சு? அவர்கிட்ட படிக்கற பிள்ளைங்க போன்லதான்."

டீச்சருக்கு லேபில் நின்றுபோன அரம் நினைவுக்கு வரவில்லை. அந்த மனுஷன் தங்கையை எதிரே உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, அந்தக் கேள்வியைக் கேட்டது மட்டும்தான் வந்தது.

"அவருக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும் அண்ணி. கேக்கறப்போ அவர் கண்ணுல தெரிஞ்சுது, தன்னைக் காட்டிக் குடுக்காதேன்னு. சின்ன வயசுலேர்ந்து என்னைத் தூக்கி வளத்தவரு. அதான் எழுதிக் குடுத்தேன். நீங்க இப்படி வந்து உண்மையச் சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் பேரைச் சொல்லாதீங்க. குழுகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

காலையிலிருந்து டீச்சர் தன் தப்பையே சுமந்துகொண்டு நடந்தாள். அதைவிடக் கனமான ஒன்றை இந்தப் பெண் ஒன்பது நாளாகத் தனியாக ஹாஸ்டல் கட்டிலில் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். வாசல்வரைகூட வந்து வழியனுப்பாதவளுக்கு, இப்போது அவள் கையைப் பிடிக்கவும் தைரியம் வரவில்லை. குட்டியே பிடித்துக்கொண்டாள்.

பையில் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"வேண்டாம் அண்ணி, இப்போ எடுக்காதீங்க" என்றாள் குட்டி.

டீச்சர் எடுத்தாள்.

"என்ன ஆச்சு? சொல்லிட்டியா?" என்றார் அவர். பின்னால் லேப் இயந்திரச் சத்தம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. "யாரு வந்தான்னு ஏதாவது கேட்டாங்களா?"

"வீட்லயே இருங்க" என்றாள் டீச்சர். "நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."